செல் சவ்வு: காணுமுன் அளந்த கதை

இந்த இதழின் ஒரு தாளை விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தத் தாளின் கனத்தை எட்ட வேண்டுமானால், உங்கள் உடம்பிலுள்ள செல் சவ்வுகளில் ஏறக்குறைய பத்தாயிரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி இப்படியொரு சவ்வு இருக்கிறது. உள்ளிருப்பவை ஒழுகிப் போகாமல் காப்பதும், வேண்டிய உணவை உள்ளே விடுவதும், வேண்டாதவற்றை வெளியே தள்ளுவதும் அதன் பணி. அது கிழிந்துபோனால் செல் இறந்துவிடும்.

சாதாரண நுண்ணோக்கியில் இச்சவ்வைக் காண இயலாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம்.) சவ்வின் கனமோ 75 ஆங்ஸ்ட்ராம் அளவே. கடலோரத்தில் நட்டுவைத்த ஒரு சிறு குச்சி, வந்து மோதும் பேரலையின் போக்கை மாற்றுவதில்லை அல்லவா? ஒளியலைக்குச் சவ்வும் அத்தகைய குச்சிதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இச்சவ்வைத் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டியது 1950-களில்தான். ஆனால் 1925-ஆம் ஆண்டிலேயே அதன் கனம் எவ்வளவு, அது எத்தனை அடுக்கு என்று கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். காணாத பொருளை எப்படி அளந்தார்கள்? கண்ட பிறகு அறிவு தெளிந்ததா, குழம்பியதா? இவையே இக்கட்டுரையின் கேள்விகள். உயிரியல் செய்தியில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இக்கதையின் முற்பாதியில் வரும் கருவிகள் தராசு, அளவுகோல், தண்ணீர்த் தொட்டி, மின்சுற்று ஆகியவையே. ஆகவே எனக்கும் இதில் சிறிது உரிமை உண்டு.

குளத்தில் ஒரு கரண்டி எண்ணெய்

இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1757-ஆம் ஆண்டு கடற்பயணம் ஒன்றில் ஒரு விந்தையைக் கண்டார். உடன் வந்த கப்பல்களில் இரண்டின் பின்னால் மட்டும் கடல் அலையடங்கி வழவழப்பாக இருந்தது. சமையற்காரர்கள் கொழுப்பு கலந்த கழுநீரைக் கொட்டியிருப்பார்கள் என்று கப்பல் தலைவர் விளக்கம் சொன்னார். பிராங்க்ளின் அதை மறக்கவில்லை. பின்னாளில் இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னுமிடத்தில் ஒரு பெரிய குளத்தின் மேல், காற்று வீசும் நேரத்தில், ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் விரைந்து பரவியது. ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பு கண்ணாடிபோல் அலையற்று நின்றது. இச்செய்தி 1774-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று.

பிராங்க்ளின் இதற்குமேல் போகவில்லை. நாம் போவோம். கரண்டியில் 2 கன செ.மீ. எண்ணெய் இருந்ததாகக் கொள்வோம். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர், அதாவது 2 கோடி சதுர செ.மீ. கன அளவைப் பரப்பால் வகுத்தால் கனம் கிடைக்கும். விடை, சென்டிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு; அதாவது 10 ஆங்ஸ்ட்ராம். கரண்டியின் அளவு சிறிது கூடலாம், குறையலாம். ஆயினும் அன்று கிளாப்பம் குளத்தின்மேல் மிதந்தது ஏறத்தாழ ஒற்றை மூலக்கூறு உயரமுள்ள படலம் என்பதில் ஐயமில்லை. மூலக்கூறுகள் உண்டா இல்லையா என்றே உறுதிப்படாத காலத்தில், ஒரு மூலக்கூறின் அளவு குளத்தின்மேல் விரிந்து கிடந்தது. யாரும் வகுத்துப் பார்க்கவில்லை!

அந்த வகுத்தலைச் செய்ய 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. செய்தவர் ஆங்கில இயற்பியலார் ராலே பிரபு. கற்பூரத் துணுக்குகளைச் சுத்தமான நீரில் போட்டால் அவை அங்குமிங்கும் ஓடியாடும்; நீரில் எண்ணெய்ப் படலம் படிந்தால் ஆட்டம் நின்றுவிடும். இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தொட்டியில் கற்பூரத்தின் ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று ராலே நிறுத்துப் பார்த்தார். படலத்தின் கனம் 16 ஆங்ஸ்ட்ராம் என்று கிடைத்தது.

சமையலறைத் தொட்டி

மறு ஆண்டு சனவரியில் ராலேக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிரௌன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஆக்னெஸ் பொக்கல்ஸ் என்ற பெண்மணி. அக்காலத்தில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் கதவு பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. வீட்டு வேலையையும் நோயுற்ற பெற்றோரையும் கவனித்துக்கொண்டே, தம்பி அனுப்பிய நூல்களைப் படித்தவர் அவர். ஒரு தகரத் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய தகரப் பட்டை ஒன்றை வைத்தார். பட்டையை நகர்த்தினால் நீர்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நெருக்கப்படும் அல்லது விரியும். நீர்ப்பரப்பைத் தொடும் ஒரு சிறு வட்டை மேலே இழுக்க எவ்வளவு எடை தேவை என்று தராசில் பார்த்தால், ஒவ்வொரு நெருக்கத்திலும் பரப்பு இழுவிசை எவ்வளவு என்பது தெரியும். படலத்தை ஓர் எல்லைவரை நெருக்கும்போது இழுவிசை மாறுவதே இல்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று குறையத் தொடங்குகிறது. மூலக்கூறுகள் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் நிலை அதுவே என்பது பின்னர் விளங்கியது.

கடிதத்தைப் படித்த ராலே, அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி 1891 மார்ச்சில் வெளிவரச் செய்தார். பட்டமில்லாத ஒருவரின் ஆய்வு என்று அவர் ஒதுக்கவில்லை. இக்கதையில் நன்றியுடன் நினைக்க வேண்டிய செயல்களில் இதுவும் ஒன்று. ஏனெனில், அமெரிக்காவில் இர்விங் லாங்மூர் அந்தத் தொட்டியின் அமைப்பையே திருத்தி 1917-இல் தம் புகழ்பெற்ற ஆய்வைச் செய்தார். கொழுப்பு அமில மூலக்கூறுகள் நீர்மேல் தாறுமாறாகக் கிடப்பதில்லை. நாற்றுப் போல வரிசையாக நிற்கின்றன என்று அவர் காட்டினார். மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடுவது. அதைத் தலை என்போம். மற்ற முனை நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி, எண்ணெய்த் தன்மையுடையது. அதை வால் என்போம். தலை நீரில் ஊன்ற, வால் காற்றில் நிமிர்ந்திருக்கும். லாங்மூருக்கு 1932-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் குளத்தையும் தொட்டியையும் விட்டுச் செல்லுக்கு வருவோம்.

எது நுழைகிறது, எது நுழைவதில்லை?

செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருந்தாக வேண்டும் என்பதைத் தாவரவியலார் முன்பே உணர்ந்திருந்தனர். செறிந்த சர்க்கரைக் கரைசலில் ஒரு தாவரச் செல்லைப் போட்டால், உள்ளேயுள்ள நீர் வெளியேறி, உயிர்ப்பொருள் சுருங்கிச் செல்லின் சுவரை விட்டு விலகும். ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குகிறதே, அங்கும் சவ்வூடு பரவல் இவ்வாறே நடக்கிறது. நீரை விட்டு, சர்க்கரையைத் தடுக்கும் ஏதோ ஒன்று இடையே இருக்கிறது. வில்ஹெல்ம் பெஃபர் 1877-இல் செயற்கைச் சவ்வுகளைக் கொண்டு இவ்வழுத்தத்தைத் துல்லியமாக அளந்தார்.

அது எப்பொருளால் ஆனது? சூரிச் நகரில் பணியாற்றிய ஆங்கிலேயர் எர்னெஸ்ட் ஓவர்டன் 1890-களில் இதற்கு விடை தேடினார். அவர் முறை எளிது, உழைப்போ மிகுதி. நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகக் கரைத்து, அக்கரைசலில் தாவரச் செல்களை இட்டார். செல் சுருங்கி அப்படியே நின்றால் அப்பொருள் உள்ளே நுழையவில்லை. சுருங்கவே இல்லையென்றால் அது தங்குதடையின்றி நுழைந்துவிட்டது. சுருங்கி மெல்ல மீண்டால் மெல்ல நுழைகிறது.

பட்டியல் நீண்டது, ஒழுங்கும் புலப்பட்டது. மூலக்கூறு பெரிதா சிறிதா என்பது முதன்மையன்று. எண்ணெயில் நன்றாகக் கரைவன எளிதில் நுழைந்தன; எண்ணெயில் கரையாதன வெளியே நின்றன. ஆல்கஹாலும் ஈதரும் நுழைந்தன; சர்க்கரை நின்றது. எனவே செல்லின் எல்லை கொழுப்புத் தன்மையுடையது, கொலஸ்டிராலும் லெசித்தினும் போன்ற பொருள்கள் அதில் இருக்கலாம் என்று ஓவர்டன் சொன்னார். சவ்வை அவர் கண்டதுமில்லை, தொட்டதுமில்லை.

1925: இரண்டு அளவுகள்

ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய துணைவர் கிரெண்டலும் ஓவர்டனையும் லாங்மூரையும் இணைத்தனர். இரத்தச் சிவப்பணுவின் கொழுப்பையெல்லாம் பிரித்தெடுத்து லாங்மூர் தொட்டியில் விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? அதை அணுக்களின் மேற்பரப்போடு ஒப்பிட்டால் என்ன? பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, உட்சவ்வுகளும் இல்லை. அதிலுள்ள கொழுப்பு முழுவதும் புறச்சவ்வுக்கே உரியது. ஆகவே இதைவிடப் பொருத்தமான செல் கிடைக்காது.

ஒரு கன செ.மீ. மனித இரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடிச் சிவப்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவின் மேற்பரப்பு சுமார் 100 சதுர மைக்ரான் என்று அவர்கள் கணித்தனர். மொத்தப் பரப்பு அரைச் சதுர மீட்டர். பிரித்தெடுத்த கொழுப்பு தொட்டியில் ஒற்றைப் படலமாக ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பிடித்தது. நாய், ஆடு, முயல் ஆகியவற்றின் இரத்தத்திலும் விகிதம் இரண்டை ஒட்டியே வந்தது. பொருள் தெளிவு. சவ்வு ஈரடுக்குக் கொழுப்பாலானது. வெளியடுக்கின் தலைகள் வெளிநீரையும், உள்ளடுக்கின் தலைகள் உள்நீரையும் நோக்கியிருக்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நீருக்கு அஞ்சி ஒளிந்திருக்கும்.

முடிவு சரி; வழியில் இரண்டு பிழைகள் இருந்தன. அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. கால்பங்கு அளவு தங்கிவிட்டது. உலர்ந்த அணுக்களை அளந்ததால் மேற்பரப்பும் குறைந்தது. உண்மைப் பரப்பு 135 சதுர மைக்ரானுக்கும் மேல். தொகுதியும் குறைந்தது, பகுதியும் குறைந்தது. வகுத்தபோது ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன. செய்முறைத் தேர்வில் விடை சரியாக வந்துவிட்டால் செய்முறையும் சரியே என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரே விடை வேறொரு வழியிலும் வந்தால்தான் நம்பலாம்.

அந்த வேறு வழியும் அதே 1925-இல் வந்தது. அமெரிக்காவில் ஹூகோ ஃப்ரிக்கே என்ற இயற்பியலார், இரத்தத்தின் ஊடாக மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் மின்தேக்குத் திறனை அளந்தார். செல்லின் உட்புறமும் வெளிப்புறமும் உப்புக் கரைசல், மின்சாரத்தைக் கடத்துவன. இடையே கொழுப்பு, கடத்தாப் பொருள். இரு கடத்திகளுக்கிடையே ஒரு கடத்தாப் பொருள் என்றால் அது மின்தேக்கிதானே? சவ்வின் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 0.81 மைக்ரோஃபாரட் என்று அவருக்குக் கிடைத்தது. எண்ணெய்ப் பொருள்களின் மின்கடவா மாறிலியை 3 என்று கொண்டு, இணைத்தட்டு மின்தேக்கியின் சமன்பாட்டில் இட்டால் கனம் 33 ஆங்ஸ்ட்ராம். பள்ளி இறுதி வகுப்பு மாணவர் யாரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சவ்வின் நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதியின் கனம் 30 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியது என்பதே இன்றைய அளவும்.

தண்டவாளப் படம்

இந்த இடத்தில் கதை திரும்புகிறது. செல்களின் பரப்பு இழுவிசையை அளந்தபோது, எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள இழுவிசையைவிட அது பல மடங்கு குறைந்திருந்தது. சவ்வு வெறும் கொழுப்பு என்றால் இது எப்படிப் பொருந்தும்? முட்டை வெண்கரு போன்ற புரதங்கள் இழுவிசையைக் குறைப்பவை. ஆகவே கொழுப்பின் இருபுறமும் புரதம் பூசப்பட்டிருக்க வேண்டும் என்று டானியெல்லியும் டாவ்சனும் 1935-இல் ஒரு மாதிரியை வெளியிட்டனர். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெண்ணெய் வைத்தாற்போன்ற அமைப்பு. உண்மையில், தலையும் வாலும் கொண்ட சவ்வுக் கொழுப்பே இழுவிசையைப் பெரிதும் குறைத்துவிடும். அதைச் சாதாரண எண்ணெயோடு ஒப்பிட்டதில்தான் சிக்கல் விளைந்தது.

1950-களின் பிற்பகுதியில் ராபர்ட்சன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் வந்தன. சவ்வின் குறுக்கு வெட்டு, இரண்டு கருங்கோடுகளும் இடையே ஒரு வெண்கோடுமாகத் தண்டவாளம்போல் காட்சியளித்தது. மொத்தக் கனம் 75 ஆங்ஸ்ட்ராம். கருங்கோடுகள் புரதப் பூச்சு, வெண்கோடு கொழுப்பு என்று விளக்கினர். எல்லாச் செல்களிலும் எல்லாச் சவ்வுகளும் இந்த ஒரே அமைப்புடையன என்று ராபர்ட்சன் முடிவு செய்தார். கண்ணாலேயே கண்டாகிவிட்டது, இனி யார் மறுப்பார்?

ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். உயிருள்ள ஈரமான பொருளை அங்கே வைக்க முடியாது. செல்லைக் கொன்று, வேதிப்பொருளில் பதப்படுத்தி, நீரகற்றி, மெல்லிய சீவலாக அரிந்தே பார்க்க வேண்டும். படத்தில் தெரிந்தது அசைவற்ற சவ்வு. அது உயிரோடிருந்தபோது அசைந்ததா என்ற கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை.

ஐயங்கள் வேறு திசைகளிலிருந்து வந்தன. நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையில் புரதம் ஐந்தில் ஒரு பங்களவே. மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்விலோ முக்கால் பங்கு. ஒரே அமைப்பென்றால் இத்தனை வேறுபாடு ஏன்? மேலும், உறையவைத்த செல்லை உடைத்தால் சவ்வு நடுவில் இரண்டாகப் பிளக்கிறது என்று 1966-இல் டேனியல் பிராண்டன் காட்டினார். பிளந்த முகத்தில் வழுவழுப்பான வெண்ணெய்ப் பரப்பு மட்டும் இல்லை. மணிமணியாகப் புரதத் துகள்கள் துருத்திக்கொண்டிருந்தன.

கலந்துவிட்ட நிறங்கள்

முடிவான சோதனையை 1970-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிரை, எடிடின் என்ற இருவர் செய்தனர். எலியின் செல் ஒன்றையும் மனிதனின் செல் ஒன்றையும் ஒருவகை வைரசின் துணையால் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கினர். எலிச் சவ்வின் புரதங்களில் பச்சையாக ஒளிரும் சாயத்தையும், மனிதச் சவ்வின் புரதங்களில் சிவப்பாக ஒளிரும் சாயத்தையும் ஏற்றினர். ஒட்டிய உடனே பார்த்தால் பாதி பச்சை, பாதி சிவப்பு. 37 டிகிரி செல்சியசில் 40 நிமிடம் வைத்துப் பார்த்தால் இரு நிறமும் முற்றிலும் கலந்துபோயிருந்தன! செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தும் பார்த்தனர், கலப்பு நிற்கவில்லை. குளிரவைத்தபோதுதான் நின்றது.

இதன் பொருள் என்ன? புரதங்கள் சுவரில் பதித்த கற்களல்ல. ஏரியில் மிதக்கும் தெப்பங்களைப் போன்றவை. உடல் வெப்பத்தில் சவ்வு ஒரு திரவம். குளிர்ந்தால், மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல், அதுவும் கெட்டிப்படுகிறது. 1972 பிப்ரவரியில் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவர் 'சயன்ஸ்' இதழில் இவற்றையெல்லாம் தொகுத்து, சவ்வு என்பது கொழுப்புத் திரவத்தில் புரதங்கள் மிதக்கும் ஒரு பரப்பு என்ற மாதிரியை அளித்தனர். சில புரதங்கள் சவ்வின் இப்புறமிருந்து அப்புறம்வரை ஊடுருவி நிற்கின்றன. இன்று பல திருத்தங்களுடன் பாடநூல்களில் இருப்பது இதுவே. புரதத் தொகுதிகள் பலவற்றைச் செல்லின் உட்சட்டகம் கட்டிவைத்திருக்கிறது என்பதும், சவ்வில் அவை அன்று எண்ணியதைவிட நெருக்கமாக உள்ளன என்பதும் பின்னர் அறியப்பட்டவை.

வாயில்கள்

சவ்வில் கொழுப்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எளிதாகப் போய்வரும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் மட்டும் நுழையவே முடியாது. மின்னூட்டமுள்ள அயனியை நீரைவிட்டு எண்ணெய்க்குள் இழுத்துச் செல்ல, வெப்ப அசைவு தரும் ஆற்றலைப்போல் பல பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே அயனிகளுக்குத் தனி வாயில் தேவை. ஊடுருவி நிற்கும் புரதங்களே அவ்வாயில்கள்.

1976-இல் ஜெர்மனியில் நேயர், சாக்மன் என்ற இருவர், ஒரு மைக்ரான் அளவே வாயுள்ள கண்ணாடிக் குழாயைச் சவ்வின்மேல் பதித்து, ஒரே ஒரு வாயில் திறந்து மூடும்போது பாயும் மின்னோட்டத்தை அளந்தனர். அது ஆம்பியரில் இலட்சம் கோடியில் சில பங்குகள். 1991-இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீருக்கும் தனி வாயில் உண்டென்று பீட்டர் அக்ரே 1992-இல் காட்டினார். சிவப்பணுவில் தாம் கண்ட ஒரு புரதத்தைத் தவளை முட்டைகளில் உண்டாக்கி, அவற்றை நன்னீரில் இட்டார். சாதாரண முட்டைகள் அப்படியே இருந்தன. புரதமுள்ள முட்டைகள் நீரை உறிஞ்சி ஊதி வெடித்தன. அவ்வாயில் ஒன்றின் வழியே நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் செல்கின்றன.

பொட்டாசியம் வாயிலில் ஒரு புதிர் இருந்தது. பொட்டாசிய அயனியைவிடச் சோடிய அயனி சிறியது. பெரியதை விடும் வாயில் சிறியதைத் தடுப்பது எப்படி? 1998-இல் மெக்கின்னன் இவ்வாயிலின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தார். நீரில் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன் அணுக்கள் அணைத்து நிற்கும். வாயிலின் குறுகிய பகுதியிலும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தை அணைக்க ஏற்ற அதே தொலைவில் நிற்கின்றன. ஆகவே பொட்டாசியம் நீரை விட்டு வருவதால் எதையும் இழப்பதில்லை. சிறிய சோடியமோ அவற்றை எட்டிப் பிடிக்க முடியாமல் நீரோடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அக்ரேயும் மெக்கின்னனும் 2003-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இறைப்புப் பொறி

வாயில் திறந்தால் பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல. ஆனால் செல்லினுள் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, வெளியிலோ நேர்மாறு. இந்த ஏற்றத்தாழ்வு சமமாகிவிடாமல் இருப்பது எப்படி? குளிர்பதனத்தில் வைத்த இரத்தத்தின் சிவப்பணுக்கள் பொட்டாசியத்தை இழக்கின்றன. குளுகோஸ் கொடுத்து உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் மீண்டும் அதைச் சேர்த்துக்கொள்கின்றன என்று 1941-இல் ஹாரிஸ் கண்டார். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு யாரோ இறைக்கிறார்கள் என்பது தெளிவு.

இறைக்கும் பொறியைக் கண்டவர் டென்மார்க்கின் ஸ்கௌ. நண்டின் கால் நரம்பை அரைத்து ஆய்ந்த அவர், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் சிதைக்கும் ஒரு நொதி, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருந்தால்தான் விரைந்து இயங்குகிறது என்று 1957-இல் அறிவித்தார். ஒரு ஏ.டி.பி. செலவில் மூன்று சோடியம் வெளியேற்றப்படுகிறது. இரண்டு பொட்டாசியம் உள்ளே ஏற்றப்படுகிறது. ஓய்வாக இருக்கும்போது நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல் ஸ்கௌவுக்கு நோபல் பரிசு வந்தது.

உப்பும் சர்க்கரையும்

இந்த அறிவால் மனிதருக்கு விளைந்த நன்மை என்ன என்று கேட்பீர்களானால், விடை ஒரு குவளைத் தண்ணீரில் இருக்கிறது. 1960 ஆகஸ்டில் பிராகா நகரில் நடந்த மாநாட்டில் ராபர்ட் கிரேன் ஒரு கருத்தைச் சொன்னார். குடலின் செல்கள் சர்க்கரையை இழுத்துக்கொள்வது எப்படி? இறைப்புப் பொறி சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், சோடியம் திரும்ப உள்ளே பாயத் துடிக்கிறது. அதை உள்ளே விடும் புரத வாயில் ஒன்று, கூடவே குளுகோஸ் இருந்தால்தான் திறக்கிறது. சோடியமும் குளுகோசும் சேர்ந்து நுழைகின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது.

காலராவில் நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் நீர்கூட இழப்பதுண்டு. வெறும் உப்பு நீரைக் குடிக்கக் கொடுத்தால் அது குடலில் தங்காமல் வெளியேறிவிடும். ஆனால் காலரா நஞ்சு சோடியமும் குளுகோசும் சேர்ந்து செல்லும் இந்த வாயிலைக் கெடுப்பதில்லை. உப்போடு குளுகோசையும் சேர்த்தால் நீர் உள்ளே ஏறும். மருத்துவமனைகளில் நடந்த முயற்சிகளும் சோதனைக்கூட அறிவும் இவ்வாறு ஒரே இடத்தில் வந்து கூடின. அன்று கிழக்குப் பாகிஸ்தானிலிருந்த டாக்காவில் 1968-இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர், கடும் காலராவிலும் வாய்வழிக் கரைசல் பலன் தருகிறது என்று நிறுவினர்.

மூன்றாண்டுகளில் பெருஞ்சோதனை வந்தது. 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. கல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு துணிவான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டுவித்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளை குவளையாக ஊட்டச் செய்தார். அதற்குமுன் அங்கே காலரா கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்தனர். கரைசல் வந்தபின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் இறந்தவர் 3.6 விழுக்காடே.

1980-ஆம் ஆண்டு வளரும் நாடுகளில், சீனா நீங்கலாக, ஐந்து வயதுக்குட்பட்ட 46 இலட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அண்மைக்கால மதிப்பீடுகளில் உலகம் முழுவதற்குமே அவ்வெண் 5 இலட்சத்துக்கும் கீழே. தூய குடிநீர், தடுப்பு மருந்து ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. பெரும்பங்கு இந்த உப்பு–சர்க்கரைக் கரைசலுக்கே உரியது.

கடைசியாக, வீட்டில் பயன்படும் ஒரு செய்தி. உலக நலவாழ்வு நிறுவனம் 2002-இல் கரைசலின் குளுகோசையும் உப்பையும் குறைத்தது. இன்றைய அளவு ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. காரணம் சவ்வூடு பரவலே. கரைசல் அளவுக்கு மீறிச் செறிந்திருந்தால், மாங்காய்த் துண்டிலிருந்து நீர் வெளியேறுவதுபோல், குடலின் செல்களிலிருந்து நீர் குடலுக்குள் இறங்கிப் போக்கு மிகும். எனவே பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரைக் குறைக்காமல் ஊற்றிக் கரையுங்கள். குழந்தை விரும்பிக் குடிக்கும் என்று மேலும் சர்க்கரை சேர்க்காதீர்கள். பாட்டியோ அத்தையோ அப்படிச் செய்ய முனைந்தால், ஏன் கூடாது என்று அவர்களுக்கு விளக்க இனி உங்களால் முடியும்.